சுவருக்கு இந்தப் பக்கம்

அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை.
பதினேழு நாள், நாளுக்கு நாலு காட்சி,
அஞ்சு ரோட்டுத் தியேட்டரின் பின்சுவரோரம்
வண்டி டோக்கன் கிழித்தபடி
கேட்டேன்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு பாலம் உடையும்.
சுவரில் சாய்த்த என் சைக்கிளும் ஒரு தரம் அதிரும்.
அதற்குள் தட்டுவடை செட் முடித்துக்
கை கழுவிவிடலாம்.
இரண்டு மணி ஐந்தாவது நிமிஷம்
உள்ளே எல்லாம் நின்றுவிடும்.
கரண்ட் போய்விட்டதென்றே முதல் நாள் நினைத்தேன்.
ஜெனரேட்டர்க்கார மாதேசும் எழுந்து ஓடினான்.

போனது கரண்ட் இல்லை.
கடைசிச் சண்டை எடுக்குமுன்
நிஜச் சாலையில், நிஜ இரவில்
அவன் செத்துப்போனான் அல்லவா,
அதனால் கடைசிக் காரை
ஆளில்லாமலே ஓட விட்டிருக்கிறார்களாம்.
ஸ்டீயரிங் திரும்புகிறதாம், கியர் விழுகிறதாம்,
சீட்டில் அவன் சட்டை மடித்துக் கிடக்கிறதாம்.

கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுவதா வேண்டாமா என்று
காலையிலேயே தகராறு.
செத்தவனுக்குப் பால் என்றால் அது வேறு பால்.
கடைசியில் பாக்கெட்டுகள் டீக்கடைக்குப் போயின.

முதல் வாரம் வெளியே வந்தவர்கள்
வாயால் எதுவும் சொல்லவில்லை,
ஆக்ஸிலேட்டரால் சொன்னார்கள்.
குகைப் பையன்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டுக்
கொண்டலாம்பட்டி பைபாஸ் வரை அழுதார்கள்.
ஒருவன் முழங்கைத் தோலை அங்கேயே விட்டுவிட்டு
மறுநாள் கட்டோடு வந்து
மறுபடி டிக்கெட் எடுத்தான்.
"வலிக்குதாடா?"
"அவருக்கு வலிச்சிருக்குமாக்கா?"
அவனுக்கு மீதிச் சில்லறை தர மறந்துபோனேன்.

சிவதாபுரத்துப் பட்டறை ஆட்கள்,
நகக்கண்ணில் வெள்ளித் தூளோடு,
பாலத்தைப் பற்றியே பேசிப் போனார்கள்.
கடைசியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
ஒரு கல்லூரிப் பெண் ஹெல்மெட் மாட்டிக்
கண்ணாடியை இறக்கி
வண்டியை எடுக்காமல் நின்றாள்.
கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தது.
நான் வேறு பக்கம் பார்த்து விசில் ஊதினேன்.

ஏற்காட்டு டாக்சிக்காரர் சேர்வராயனுக்குக் கோபம்.
இருபது கொண்டை ஊசியையும்
தூக்கத்தில் திருப்பக்கூடியவர்.
"அந்த ஏத்தத்துல நாலாவது கியராம்மா?
இன்ஜின் மூச்சு முட்டிச் செத்துடும்.
வளைவுக்கு முன்ன ஹாரன் அடிச்சானா?
ஏறி வர்றவனுக்கு வழி விட்டானா?"
அவர் சொல்லச் சொல்ல
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
மழை இல்லை. சித்திரை.
காய்ந்த கண்ணாடியை அது கீச்சுக் கீச்சென்று துடைத்தது.
"வைப்பர் ஓடுதுண்ணே."
பார்த்தார். நிறுத்தவில்லை.
"எங்க ஸ்டாண்டுல எல்லா வண்டியிலயும் அவன் ஸ்டிக்கர்தான்" என்றார்.
"ஓட்டத் தெரியாத பய."

பதினேழாம் நாள் மேட்னி.
மொத்தமே பதினொரு டோக்கன்.
"போய்ப் பாரு பூவாத்தா, நாளைக்கு வேற படம்"
என்றார் மேனேஜர்.
இரண்டு மணிக்குக் கதவைத் தள்ளி
இருட்டில் நின்றேன்.

எனக்குத் தெரிந்த சத்தங்களுக்கெல்லாம்
உருவம் இருந்தது.
பிறகு அந்த அமைதி.
ஆளில்லாத கார் மலையேறி
உச்சியில் நின்றது.
"யாருப்பா ஓட்டுறது?" ஒரு குழந்தை கேட்டது.
"கேமராமேன்" என்றது பின்வரிசை.
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
சிரிப்பு முடியுமுன்
கார் பின்னால் நகர ஆரம்பித்தது.

ரிவர்ஸ்.
பின்னால் பள்ளம்.
கை காட்ட ஒரு ஆள் இல்லை.

யோசிக்கவேயில்லை.
கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து
வா, வா, இன்னும் கொஞ்சம் வா என்று
குட்டையாக மூன்று,
போதும் என்று நீளமாக ஒன்று,
ஊதிவிட்டேன்.

தலைகள் திரும்பின.
கார் நின்றது.

படத்தில் அது அங்கேதான் நிற்குமாம்,
பிறகு மாதேசு சொன்னான்.